பேயைக் காட்டாமல் பயமுறுத்தியவர்

1942-ம் ஆண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரம். ஒரு சினிமா கொட்டகையில் கூட்டம் நிரம்பி இருந்தது.

புதுப் படம் ஒன்றை வெளியிடுவதற்கு முன்னால், அதைப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டுவது ஹாலிவுட் வழக்கம். ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும். அன்று நடந்ததும் அப்படி ஒரு காட்சிதான்.

படத்தின் பெயர் 'கேட் பீப்பிள்'. பூனை மனிதர்கள் என்று பொருள்.

முதலில் ஒரு சிறு கார்ட்டூன் படம் போட்டார்கள். அதில் ஒரு பூனை வந்தது. உடனே கூட்டத்தில் சிலர் பூனையைப் போலக் கத்தினார்கள். கார்ட்டூன் முடிந்து பெரிய படத்தின் பெயர் திரையில் தெரிந்ததோ இல்லையோ, கொட்டகையே பூனைபோலக் கத்தத் தொடங்கிவிட்டது! ஒரே சிரிப்பு, ஒரே கூச்சல்.

கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்த ஒரு பருத்த மனிதர் இடிந்து போனார். அவர்தான் அந்தப் படத்தைத் தயாரித்தவர். அவருக்கு வயது 38. அவர் தயாரித்த முதல் படம் அது. பயமுறுத்துவதற்காக எடுத்த படத்தைப் பார்த்து ஜனங்கள் சிரித்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? வேலை போகும். பெயரும் போகும்.

அந்த மனிதரின் பெயர் வால் லூட்டன்.

அன்று இரவு என்ன நடந்தது? அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், அவர் அந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்த கதையைப் பார்ப்போம்.

தாயுடன் வந்த சிறுவன்

வால் லூட்டன் பிறந்தது ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த யால்டா என்ற கடற்கரை ஊரில். 1904-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் விளாதிமிர். தாய்க்கும் தந்தைக்கும் ஒத்துவரவில்லை. தாய் நீனா, கணவரை விட்டுப் பிரிந்தார். 1909-ம் ஆண்டில் மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர்களுக்கு ஒரு துணை இருந்தது. நீனாவின் தங்கை அல்லா நாசிமோவா அப்போது அமெரிக்காவில் பெரிய நாடக நடிகை. பிற்பாடு பேசாத படங்களிலும் நட்சத்திரமாக விளங்கியவர். அந்தச் சித்தியின் ஆதரவில், நியூயார்க் பக்கத்தில் சிறுவன் வளர்ந்தான்.

அவன் பெண்கள் நடுவே வளர்ந்த பிள்ளை. கற்பனை அதிகம். இல்லாததை இருப்பதுபோலச் சொல்லும் திறமை சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அது ஒரு நாள் அவனுக்கு ஆபத்தாகவும் முடிந்தது.

வாலிப வயதில் லூட்டன் ஒரு சிறு பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். நியூயார்க்கில் கொளுத்தும் வெயிலில், ஒரு லாரி நிறைய கோழிகள் செத்துப் போயின என்று ஒரு செய்தி எழுதிக் கொடுத்தார். அது அச்சேறியது. ஆனால் செத்த கோழியும் இல்லை, லாரியும் இல்லை. எல்லாம் லூட்டனின் கற்பனை! விஷயம் வெளிவந்தது. வேலை போய்விட்டது.

பத்திரிகைக்கு ஆகாத கற்பனை கதைக்கு ஆகுமல்லவா? லூட்டன் கதை எழுதத் தொடங்கினார்.

வயிற்றுக்காக எழுதிய நாவல்கள்

வயிற்றுப்பாட்டுக்காக அவர் எழுதாதது ஒன்றுமில்லை. நாவல், கவிதை, துப்பறியும் கதை என்று எழுதித் தள்ளினார். எம்.ஜி.எம். என்ற பெரிய படக் கம்பெனியின் நியூயார்க் ஆபீசில், விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தார். 1932-ம் ஆண்டில் அவர் எழுதிய 'நோ பெட் ஆப் ஹர் ஓன்' என்ற நாவல் நன்றாக விற்றது. பஞ்ச காலத்தில் ஒரு பெண் படும் பாட்டைச் சொல்லும் கதை அது.

அந்தச் சூட்டோடு அவர் வேலையை விட்டார். ஆனால் அடுத்து எழுதிய நாவல்கள் போணியாகவில்லை. கல்யாணம் ஆகிக் குடும்பஸ்தராகிவிட்ட அவருக்கு மறுபடியும் வேலை தேவைப்பட்டது. ஹாலிவுட்டுக்குப் போனார். டேவிட் செல்ஸ்னிக் என்ற பிரபல பட அதிபரிடம் கதை இலாகாவில் சேர்ந்தார்.

செல்ஸ்னிக்கிடம் இருந்தது ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. ஒரு படத்தில் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும், ஒரு பொத்தானைக்கூட விட்டுவிடக் கூடாது என்பதை அங்கேதான் லூட்டன் கற்றார். 1935-ல் வெளிவந்த 'இரு நகரங்களின் கதை' படத்தில், பிரெஞ்சுப் புரட்சிக் காட்சிகளை அமைக்கும் பொறுப்பு அவருக்கும் ஜாக் டூர்னர் என்ற டைரக்டருக்கும் கிடைத்தது. இருவரும் நண்பர்கள் ஆனார்கள். அந்த நட்பு பிறகு பெரிய பலன் கொடுத்தது.

லூட்டன் எப்போதும் சரியாகவே கணித்தார் என்று சொல்ல முடியாது. 'கான் வித் தி விண்ட்' நாவலைப் படமாக்க வேண்டாம் என்று அவர் முதலாளிக்கு யோசனை சொன்னார். 1939-ல் அந்தப் படம் வெளிவந்து உலகத்தையே கலக்கியது!

மூன்று நிபந்தனைகள்

1942-ம் ஆண்டில் ஆர்.கே.ஓ. என்ற படக் கம்பெனி பணக் கஷ்டத்தில் இருந்தது. ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சிட்டிசன் கேன்' போன்ற உயர்ந்த படங்கள் புகழைக் கொடுத்தன, பணத்தைக் கொடுக்கவில்லை. புதிதாகப் பொறுப்பேற்ற சார்லஸ் கெர்னர் யோசித்தார். பக்கத்துக் கம்பெனியான யூனிவர்சல், டிராகுலா, பிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனிதன் என்று பயங்கரப் படங்களை எடுத்துச் சம்பாதிக்கிறதே, நாமும் எடுத்தால் என்ன?

அதற்கு ஆள் தேவை. வால் லூட்டனைக் கூப்பிட்டார்கள். சம்பளம் வாரத்துக்கு 250 டாலர்.

அவரை ஏன் கூப்பிட்டார்கள்? அதற்கு லூட்டனே ஒரு வேடிக்கையான காரணம் சொல்வதுண்டு. தாம் படுமோசமான நாவல்கள் எழுதியவர் என்று யாரோ கம்பெனியாரிடம் சொல்ல, அது அவர்கள் காதில் பயங்கர நாவல்கள் எழுதியவர் என்று விழுந்துவிட்டதாம்!

கம்பெனி மூன்று நிபந்தனைகள் போட்டது.

ஒன்று: ஒரு படத்துக்கு 1,50,000 டாலருக்கு மேல் செலவு செய்யக் கூடாது. அந்தக் காலத்து ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு.

இரண்டு: படம் 75 நிமிஷத்துக்கு மேல் ஓடக் கூடாது.

மூன்று: படத்தின் பெயரைக் கம்பெனிதான் வைக்கும். அந்தப் பெயருக்குத் தகுந்தபடி லூட்டன் கதை பண்ணிக்கொள்ள வேண்டும்.

முதல் பெயர் வந்தது. 'கேட் பீப்பிள்'!

லூட்டனுக்குத் தலை சுற்றியது. பூனை மனிதர்கள் என்றால் என்ன? முகத்தில் ரோமத்தை ஒட்டிக்கொண்டு, நகத்தை நீட்டிக்கொண்டு ஒருவர் ஓடி வர வேண்டுமா? ஜனங்கள் சிரிக்க மாட்டார்களா? போதாக்குறைக்கு, பூனை என்றால் லூட்டனுக்கே பயம்.

அந்தப் பயம்தான் அவருக்கு வழி காட்டியது.

அரண்டவன் கண்ணுக்கு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் நாட்டில் சொல்கிறோம். லூட்டன் இந்தப் பழமொழியைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் இதையே அவர் தம் தொழிலாக்கிக்கொண்டார்.

திரையில் ஒரு பேயைக் காட்டினால், அது ஒரே ஒரு பேய். அதைப் பார்த்து ஒருவன் பயப்படுவான், இன்னொருவன் சிரிப்பான். பேயைக் காட்டாமல் இருட்டை மட்டும் காட்டினால்? கொட்டகையில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனை பேய்கள் அந்த இருட்டில் வந்து உட்காரும். அவரவர் பயத்தை அவரவரே அதில் நிரப்பிக்கொள்வார்கள். அதற்குச் செலவும் கிடையாது!

டூர்னரை டைரக்டராக அழைத்துக்கொண்டார். டெவிட் போடீன் கதை எழுதினார். நிக்கோலஸ் முசுராகா ஒளிப்பதிவு செய்தார். கறுப்பு வெள்ளைப் படம். நிழலை வைத்து வித்தை காட்டுவதில் முசுராகா கெட்டிக்காரர். புதிதாக செட் போடப் பணம் இல்லை. ஆர்சன் வெல்ஸ் தம் படத்துக்காகக் கட்டிய பெரிய மாடிப்படி ஸ்டூடியோவில் சும்மா கிடந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

கதை இதுதான். நியூயார்க்கில் ஐரீனா என்ற பெண். செர்பியா நாட்டிலிருந்து வந்தவள். உடைகளுக்குப் படம் வரைவது அவள் தொழில். தன் குலத்துப் பெண்களுக்கு ஒரு சாபம் உண்டு என்று அவள் நம்புகிறாள். ஆசையோ பொறாமையோ மூண்டால், தான் சிறுத்தையாக மாறிவிடுவேன் என்று அஞ்சுகிறாள். கல்யாணம் ஆகியும் கணவனிடம் நெருங்கத் துணியவில்லை. கணவன் மனம், தன்னோடு வேலை பார்க்கும் வேறொரு பெண்ணிடம் சாய்கிறது. ஐரீனாவுக்குப் பொறாமை வருகிறது. அப்புறம்?

பிரெஞ்சு நடிகை சிமோன் சிமோன் ஐரீனாவாக நடித்தார். அந்தப் பெண் உண்மையிலேயே மாறுகிறாளா, எல்லாம் அவள் மனப் பிரமையா என்பதைக் கடைசிவரை சந்தேகமாகவே வைத்திருக்க வேண்டும் என்பது லூட்டனின் எண்ணம்.

படப்பிடிப்பு தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. எடுத்ததைப் போட்டுப் பார்த்த மேலதிகாரி ஒருவருக்குப் பிடிக்கவில்லை. டூர்னரை நீக்க வேண்டும் என்றார். லூட்டன் விடவில்லை. நேரே கெர்னரிடம் போய் நண்பருக்காக வாதாடினார். டூர்னர் தப்பினார். ஆனால் சிறுத்தையைத் திரையில் காட்டியே தீர வேண்டும் என்று கம்பெனி பிடிவாதம் பிடித்தது. ஒரு கருஞ்சிறுத்தையைக் கொண்டுவந்தார்கள். அதையும் இருட்டில் நடமாட விட்டு, பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் எடுத்தார்கள்.

பஸ் வந்தது!

இனி அந்தக் கொட்டகைக்குத் திரும்புவோம்.

படம் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பூனைச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போனது.

திரையில், அந்த இன்னொரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். ஒரு பக்கம் பூங்காவின் மதில் சுவர். தெரு விளக்குக்கும் தெரு விளக்குக்கும் நடுவே இருட்டு. அவளுடைய காலடிச் சத்தம் கேட்கிறது. பின்னால் இன்னொரு காலடிச் சத்தம். சட்டென்று பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். யாரும் இல்லை. வேகமாக நடக்கிறாள். ஓடுகிறாள். எது பாயப் போகிறது, எந்தப் பக்கமிருந்து பாயப் போகிறது?

புஸ்ஸென்று ஒரு சீறல்! கூட்டம் துள்ளி எழுந்தது.

வந்தது சிறுத்தை அல்ல. ஒரு பஸ்! பிரேக் போட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றது. அவ்வளவுதான்.

இன்னொரு காட்சியில் அதே பெண் இருட்டான நீச்சல் குளத்தில் தனியாகச் சிக்கிக்கொள்கிறாள். தண்ணீரின் ஒளி சுவரில் நெளிகிறது. எங்கோ ஓர் உறுமல் கேட்கிறது. சுவரில் ஏதோ ஒரு நிழல் ஓடுகிறது. அந்த நிழல் என்ன தெரியுமா? டைரக்டர் டூர்னர் விளக்கின் முன்னால் ஆட்டிய தம்முடைய கை முஷ்டி!

சிரிக்க வந்த கூட்டம் அலறியது. படம் முடிந்தபோது லூட்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு நடந்ததை, அவருடன் இருந்த போடீன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த ஆண்டு டிசம்பரில் படம் வெளியானது. பெரிய பத்திரிகைகளில் விமரிசகர்கள் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜனங்கள் அதைக் கேட்கவில்லை. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். போட்ட பணம் பல மடங்காகத் திரும்பி வந்தது. சினிமாக்காரர்கள் மத்தியில், திடுக்கிட வைத்து ஏமாற்றும் உத்திக்கு 'பஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பேரைக் கேட்டு ஏமாறாதே

அதன் பிறகு கம்பெனி பெயர் கொடுத்துக்கொண்டே இருந்தது. லூட்டன் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். எல்லாம் கேட்கச் சகிக்காத பெயர்கள். உள்ளே இருந்தது வேறு சரக்கு.

'ஐ வாக்டு வித் எ ஜாம்பி' என்று ஒரு பெயர். நடைப்பிணத்துடன் நடந்தேன் என்று அர்த்தம். லூட்டன் என்ன செய்தார்? 'ஜேன் அயர்' என்ற புகழ்பெற்ற ஆங்கில நாவலின் சாயலில், கதையை மேற்கிந்தியத் தீவு ஒன்றில் நடப்பதாக அமைத்தார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் துயரத்தையும் அதில் சொன்னார். 1943-ல் வெளிவந்த அந்தப் படத்தை, அவர் எடுத்தவற்றில் சிறந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு.

அதே ஆண்டில் 'தி லெப்பர்டு மேன்', 'தி செவன்த் விக்டிம்', 'தி கோஸ்ட் ஷிப்' ஆகிய படங்களும் வந்தன. கடைசிப் படத்துக்கு ஒரு சோதனை வந்தது. அது தங்கள் கதை என்று இருவர் வழக்குப் போட்டார்கள். சமாதானமாகப் போக லூட்டன் சம்மதிக்கவில்லை. வழக்கில் கம்பெனி தோற்றது. ஓடிக்கொண்டிருந்த படம் பெட்டிக்குள் போனது. சுமார் 50 ஆண்டு காலம் பெரும்பாலோர் கண்ணில் படாமலே அது கிடந்தது.

மரப் பொந்தில் போட்ட கடிதம்

'கேட் பீப்பிள்' நன்றாக ஓடியதால், அதற்கு ஒரு தொடர்ச்சி வேண்டும் என்றார்கள். 'பூனை மனிதர்களின் சாபம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 1944-ல் வந்த அந்தப் படத்தில் சாபமும் இல்லை. பூனை மனிதர்களும் இல்லை!

அது ஒரு தனிமையான சிறுமியின் கதை. அவள் பெயர் ஏமி. விளையாட யாரும் இல்லை. எப்போதும் கனவு காண்கிறாள் என்று தகப்பன் கடிந்துகொள்கிறான். தோட்டத்து மரத்தின் பொந்து ஒரு மாயத் தபால் பெட்டி என்று அவன் எப்போதோ சொன்னதை அவள் நம்புகிறாள். தன் பிறந்த நாளுக்கான அழைப்புக் கடிதங்களை அதில் போடுகிறாள். விருந்துக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. வாடிப்போன அந்தக் குழந்தைக்கு, செத்துப்போன ஐரீனா தோழியாக வந்து ஆறுதல் சொல்கிறாள்.

மரப் பொந்தில் கடிதம் போட்ட பிள்ளை வேறு யாரும் அல்ல. லூட்டன்தான் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். படத்துக்கு 'ஏமியும் அவள் தோழியும்' என்று பெயர் வைக்க அவர் ஆசைப்பட்டார். கம்பெனி சம்மதிக்கவில்லை. பயங்கரத்தை எதிர்பார்த்து வந்தவர்களில் பலர் ஏமாந்தார்கள். ஆனால் குழந்தைகளின் மனதை ஆராய்பவர்கள் அந்தப் படத்தைப் போற்றினார்கள்.

அந்தப் படத்தை ஒருவர் மெதுவாக எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் அவரை மாற்றி, படத்தொகுப்பாளராக இருந்த ஓர் இளைஞருக்கு டைரக்டர் வேலை கொடுத்தார்கள். அவர் பெயர் ராபர்ட் வைஸ். அதற்கு முன்பே, பஸ் காட்சியைத் தொகுத்த மார்க் ராப்சனையும் லூட்டன் டைரக்டர் ஆக்கியிருந்தார். தம்மிடம் இருந்தவர்களைக் கைதூக்கிவிடுவது அவர் சுபாவம்.

தம் படங்களின் கதைவசனத்தை எல்லாம் கடைசியில் அவரே இரவு பகலாக உட்கார்ந்து திருத்தி எழுதுவார். ஆனால் எழுத்தாளர் என்று தம் பெயரைப் போட்டுக்கொள்ள மாட்டார். இரண்டு படங்களில் மட்டும் கார்லோஸ் கீத் என்ற புனைபெயரைப் போட்டார்.

பயங்கர நடிகர் போரிஸ் கார்லாப் தம் படத்தில் நடிக்கப் போகிறார் என்றதும் லூட்டன் முதலில் தயங்கினார். பழகிய பிறகு இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். 1945-ல் வந்த 'தி பாடி ஸ்னாச்சர்' படத்தில் ஒரு காட்சி. தெருவில் பாடிப் பிழைக்கும் ஒரு பெண், பாடிக்கொண்டே இருட்டான வளைவுக்குள் நடந்து மறைகிறாள். பின்னால் கார்லாப்பின் குதிரை வண்டி போகிறது. இரண்டும் இருளில் மறைகின்றன. பாட்டு மட்டும் கேட்கிறது. திடீரென்று பாட்டு நின்றுவிடுகிறது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் புரிகிறது. அரக்கன் வேஷத்திலேயே முடங்கிக் கிடந்த தம்மை மீட்டவர் லூட்டன் என்று கார்லாப் நன்றியோடு சொல்லி வந்தார்.

46 வயதில்

1946-ல் வந்த 'பெட்லம்' நஷ்டமாயிற்று. அவரை ஆதரித்து வந்த கெர்னரும் அந்த ஆண்டில் இறந்தார். லூட்டன் ஆர்.கே.ஓ.வை விட்டு வெளியேறினார். வேறு மூன்று பெரிய கம்பெனிகளில் ஆளுக்கொரு படம் எடுத்தார். எதுவும் பழைய பெயரைக் கொடுக்கவில்லை. கையில் பணம் இல்லாதபோது வந்த வெற்றி, பெரிய கம்பெனிக்குப் போனபோது வரவில்லை. வளர்த்துவிட்ட வைசுடனும் ராப்சனுடனும் சேர்ந்து தனிக் கம்பெனி தொடங்கப் போட்ட திட்டமும் கைகூடவில்லை. அது அவர் மனதை வாட்டியது. ஏற்கனவே இதய நோய் வேறு.

1951-ம் ஆண்டு மார்ச் மாதம் 14-ந் தேதி மாரடைப்பால் இறந்தார். அப்போது வயது 46. மனைவியும் மகளும் மகனும் இருந்தார்கள்.

ராபர்ட் வைஸ் பின்னாளில் 'வெஸ்ட் சைடு ஸ்டோரி', 'தி சவுண்ட் ஆப் மியூசிக்' படங்களை எடுத்து ஆஸ்கார் பரிசுகள் பெற்றார். 1963-ல் 'தி ஹாண்டிங்' என்ற பேய்ப் படம் எடுத்தார். அதில் பேயே கண்ணுக்குத் தெரியாது; கதவைத் தட்டும் சத்தம்தான் கேட்கும். குருவுக்குச் செய்த மரியாதை அது.

1982-ல் 'கேட் பீப்பிள்' மறுபடியும் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. அதில் பெண் சிறுத்தையாக மாறுவதைக் கண்ணெதிரே காட்டினார்கள். 1993-ல், பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் அமெரிக்கா ஒரு 'கேட் பீப்பிள்' படத்தைச் சேர்த்தது. வண்ணப் படத்தை அல்ல. 1942-ல் வந்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை!

பார்த்தவர்களிடம் கேட்டால் இன்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்றையும் காட்டவில்லையே, இதிலே என்ன பயம் என்று கேட்கிறவர்கள் உண்டு. படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, தனியாக மாடிப்படி ஏற யோசித்தோம் என்கிறவர்களும் உண்டு. இருவர் பார்த்ததும் ஒரே படம்தான். மனம்தான் வேறு.

பாமர ஜனங்களுக்கு எல்லாவற்றையும் கண்ணெதிரே காட்டினால்தான் புரியும் என்று பட முதலாளிகள் நினைத்த காலம் அது. காசு கொடுத்துக் கொட்டகைக்கு வருகிறவனுக்கும் மனம் உண்டு, கற்பனை உண்டு என்று நம்பியவர் லூட்டன். அன்று இரவு பூனைபோலக் கத்திய கூட்டம்தான் அவர் நம்பிக்கையைக் காப்பாற்றிக் கொடுத்தது.